கடைசியில் சேர்த்த முகம்

மருந்துப் பெட்டியின் சின்ன எழுத்தை வாசிக்கக் கண்ணாடி தேடும் வயதுக்கு நாமெல்லாம் வந்துவிட்டோம். பேர்லினில் கரியடுப்பு வைத்த பழைய வீடுகளில் என்னோடு வளர்ந்தவர்களே, உங்களில் சிலர் இந்தக் கதையின் பாதியை அப்போதே கேள்விப்பட்டிருப்பீர்கள். நொய்கெல்ன் பகுதியில் ஒரு வீட்டில் இருமினால் அடுத்த தெருத் தமிழ் வீட்டில் கொத்தமல்லி அவித்த காலம் அது. மறுபாதி எனக்கே பல வருடங்கள் பிந்தித்தான் விளங்கியது.

காலத்தை முதலில் சரியாக வைத்துவிடுகிறேன். நாள் தவறினால் எனக்கு எழுத வராது. பேர்லின் சுவர் விழுந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் ஆறாம் வகுப்பு. கோடை விடுமுறை முடிந்ததும் தொடங்கிய கதை, தைப்பொங்கல் கழிந்து சில நாட்களில் முடிந்தது. அம்மாவைக் கேட்டால் எல்லாம் கந்தசஷ்டிக்குப் பிறகு நடந்தது என்பார். அது பிழை. கந்தசஷ்டி விரதத்தின்போது படப்பிடிப்பு முடிந்துவிட்டது. அப்பா வரவேற்பறையில் இரண்டு வீடியோ டெக்குகளை அடுக்கி வைத்துப் படத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். பழைய நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் வீடு நாலாம் மாடி. ஐந்தாம் மாடியில் நைஜீரியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம்: தகப்பன், தாய், என் வகுப்பில் படித்த ஒரு மகள். இக்போ இனத்தவர்கள். அவர்களைப் பற்றி எங்கள் சனத்திடம் ஒரு சொல் இருந்தது. உங்களுக்கும் தெரியும், நானும் எழுதப்போவதில்லை. நானும் மேல்வீட்டுத் தோழியும் ஜெர்மனில் பேசிக்கொண்டோம். இரண்டு வீட்டுக்கும் கடிதம் வாசிப்பது, டாக்டரிடம் மொழிபெயர்ப்பது, டெர்மின் என்று அலுவலகம் தரும் சந்திப்பு நேரத்துக்கு முன்வரிசையில் உட்காருவது எல்லாம் எங்கள் இருவரின் வேலை. அதனால்தான் பெரியவர்களின் பேச்சு முழுவதும் எங்கள் காது வழியாகப் போனது.

அப்பா வாரநாட்களில் ஒரு உணவகத்தின் சமையலறையில் நின்றார். சனி ஞாயிறில் அவர் வீடியோக்காரர். கலியாணவீடு, பெண்பிள்ளை பெரியவளானதற்குச் செய்யும் சாமத்தியவீடு, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் தோளில் அந்தப் பெரிய கமெராவைச் சுமந்துகொண்டு போவார். சூடேறினால் தூசி கருகும் மணம் வரும் ஒரு விளக்கும் கூடவே போகும். அவருடைய தொழிலில் ஒரு சட்டம் இருந்தது. ஒருமுறை ஒரு கலியாண கசெட்டில் மாப்பிள்ளையின் பெரியம்மாவின் முகம் விடுபட்டுப்போனது. அந்த அம்மா கனடாவிலிருந்து வந்திருந்தவர். இரண்டு குடும்பமும் பேச்சை முறித்துக்கொண்டன. பழி முழுவதும் அப்பா தலையில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் மண்டபத்தின் ஒரு மூலையில் தொடங்கி மறு மூலைவரை, சோறு பரிமாறுகிறவர், தொட்டில் பிள்ளை, கதவடியில் நிற்கிற கார்ச் சாரதிவரை ஒருவரையும் விடாமல் எடுப்பார். “வந்த சனத்தில ஒராள் விடுபட்டாலும் அது கசெட் இல்லை,” என்பார். சிலர் கையால் முகத்தை மறைத்து வேண்டாம் வேண்டாம் என்பார்கள். கை கீழே இறங்கும்வரை காத்திருப்பதுதான் வீடியோக்காரனின் கெட்டித்தனம் என்பது அவர் எண்ணம்.

இலையுதிர் விடுமுறைக்கு முன்பு ஒரு ஞாயிறு பின்னேரம் தோழியின் தகப்பன், மேல்வீட்டு மாமா, எங்கள் குசினிக்கு வந்தார். உயரமானவர், எங்கள் கதவு நிலைக்குக் குனிந்துதான் வருவார். ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து மாணவர்களுக்கு நாடகம் போட்டவர், இங்கே விமான நிலையத்தில் நிலம் துடைத்தார். அம்மா தேத்தண்ணீர் வைத்தார். அவர் ஜெர்மனில் சொன்னதை நான் தமிழில் அப்பாவுக்குச் சொன்னேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

“என் தகப்பன் இறந்துவிட்டார். மண்ணில் வைத்துவிட்டார்கள். ஆனால் அது முதலாவது அடக்கம் மட்டும்.”

எங்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டி என்ற ஒன்று உண்டல்லவா, அதைவிடப் பெரியது அவர்களின் இரண்டாம் அடக்கம். மத்தளம், முகமூடியாட்டம், ஊர் முழுவதற்கும் சாப்பாடு. அதை மூத்த மகன் நின்று செய்ய வேண்டும். செய்து முடிக்கும்வரை இறந்தவர் தன் முன்னோர்களிடம் போய்ச் சேரமாட்டார், வழியில் நிற்பார். மேல்வீட்டு மாமா மூத்த மகன். அவருடைய அகதி விண்ணப்பம் முடிவாகாமல் கிடந்தது. நாட்டை விட்டு ஊருக்குப் போனால் அது அங்கேயே செத்துப்போகும். திரும்பி வர ஏலாது.

அதனால் அவர் ஒரு படம் எடுக்கப் போகிறார். வெளிநாட்டிலிருக்கும் மகன் ஊருக்குத் திரும்பி வந்து தகப்பனின் இரண்டாம் அடக்கத்தைச் செய்யும் கதை. மகனாக அவரே நடிப்பார். கோலாக் கொட்டையை உடைத்து வேண்டுவது, நிலத்தில் கள் ஊற்றுவது, முகமூடி வருவது எல்லாம் முறைப்படி இருக்கும். இங்கே பிறக்கிற இக்போப் பிள்ளைகள் பார்ப்பதற்கு ஒரு படமுமாகும். அதைவிட முக்கியம், ஊரில் உறவுக்காரர் ஒப்புக்கொண்டிருந்தார்கள்: கசெட் வந்து முற்றத்தில் ஓடினால் மூத்தவர் வந்ததாக எடுத்துக்கொண்டு தம்பியைச் சடங்கு செய்யவிடுவார்கள். பேர்லினில் அவர்களுடைய சங்கத்துப் பெரியவர் நத்தார்ப் பண்டிகைக்கு ஊர் போகிறார். பார்த்து, சரி என்றால் கையில் கொண்டுபோவார்.

மேல்வீட்டு மாமாவிடம் கதை இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், கமெரா இல்லை.

அவர் போன பிறகு அம்மா கேட்டார்: “இஞ்சாருங்கோ, எவ்வளவு கேட்டனீங்கள்?”

“செத்தவீட்டுக்குக் காசு கேக்கிறதோ?”

“அது படமெண்டெல்லோ பிள்ளை சொன்னவள்.”

“படமெண்டாலும் செத்தவீடுதானே.”

அதற்கு முந்தின வருடம் அப்பப்பா கொழும்பில் ஒரு வாடகை வீட்டில் இறந்திருந்தார். அப்பா போகவில்லை. எங்கள் விண்ணப்பமும் அப்போது அதே நிலையில்தான் இருந்தது.

படத்துக்கு முந்தின இரண்டு கிழமைகளும் எனக்குக் கரி மணத்தோடுதான் நினைவில் நிற்கின்றன. எங்கள் கட்டடத்தின் நிலவறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மரக்கூடு, கரி வைக்க. மேல்வீட்டார் தங்கள் கூட்டுக்குப் பழைய போர்வை ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டார்கள். பின்னேரங்களில் ஆண்கள் மட்டும் இறங்கிப் போவார்கள். பசை மணமும் சின்னச் சுத்தியல் சத்தமும் வரும். பெண்கள் அந்தப் பக்கம் வரவேண்டாம் என்று மேல்வீட்டு மாமா மிக மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். தோழியின் தாய்கூட இறங்கவில்லை. அவர்களின் கரியை மாமாவே தூக்கி வந்தார்.

“கரி எடுக்கவும் போகேலாதாம்,” என்று அம்மா முணுமுணுத்தார். “கள்ளச் சாமான் ஏதும் ஒளிக்கினமோ தெரியாது. பொலிஸ் வந்தா எங்களையும் சேத்தெல்லே கொண்டுபோவாங்கள்.”

“இவளுக்கு எப்பவும் பொலிஸ்தான்,” என்று அப்பா சிரித்தார். “முகமூடி செய்யினம், அவ்வளவுதான்.”

“முகமூடிக்கு என்ன பூட்டு?”

நானும் தோழியும் படிக்கட்டின் கடைசிப் படியில் இருந்து கீழே இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம். உனக்கு என்னவென்று தெரியுமா என்று கேட்டேன். “தெரியும், தெரியாது,” என்றாள். “பார்த்தால் ஓட வேண்டும். பார்க்காவிட்டால் பயமில்லை.” அவளும் ஜெர்மனியில்தான் வளர்ந்தாள், அவளுக்கும் பாதிதான் சொல்லியிருந்தார்கள்.

படப்பிடிப்பு விடுமுறையின் முதல் சனியும் ஞாயிறும். இடம், தேவாலயத்துக்கு வரும் ஒரு ஜெர்மன் மூதாட்டியின் வாடகைத் தோட்டம். தகர ஓடு போட்ட ஒரு கொட்டில், ஆப்பிள் மரம், வேலிக்கு அப்பால் ரயில் பாதை. இதுதான் இக்போக் கிராமம். மேல்வீட்டு மாமா சட்டகத்துக்குள் எது வரக்கூடாது என்று முதலே சொல்லிவிட்டார்: மஞ்சள் இலை வரக்கூடாது, வேலி வரக்கூடாது, சாம்பல் நிற வானம் வரவே கூடாது. மிச்சம் இருந்தது கொட்டிலின் ஒரு சுவரும் நாலு முழ நிலமும். அதில்தான் ஒரு ஊர் முழுவதும் நின்றது.

குளிர் அப்படி. நடிக்கிறவர்கள் தோள் திறந்து துணி கட்டியிருந்தார்கள். வெயில் காலமென்று கதையில் சொல்லப்பட்டிருந்தது. வாயைத் திறந்தால் ஆவி பறந்தது. அதற்காக எல்லோர் வாயிலும் ஐஸ்கட்டி. பேசுவதற்கு ஒரு நொடி முன்பு துப்பிவிட்டுப் பேச வேண்டும். கறுத்த பெரிய ஆண்கள் வரிசையாக நின்று புல்லில் ஐஸ்கட்டி துப்பியதைப் பார்த்து நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். வேலிக்கு வெளியே நாயோடு வந்த ஒருவர் சிரிக்கவில்லை. நின்று பார்த்தார், ஏதோ சொன்னார். அந்த வருடங்களில் ரயிலில் நம்மிடம் சொல்லப்பட்ட அதே சொற்கள்தான். அவர் போகும்வரை அப்பா கமெராவைத் தோளிலிருந்து இறக்கி வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

கள்ளுக்குப் பதில் அம்மா தேங்காய்ப்பாலில் தண்ணீர் விட்டு இரண்டு போத்தல் கொடுத்துவிட்டிருந்தார். கிழங்கு மட்டும் உண்மையானது: எங்கள் இராசவள்ளியைப் போல, ஆனால் ஒரு பிள்ளையின் கால் அளவு. கோலாக் கொட்டையும் உண்மையானது. சிவப்புத் தொப்பி போட்ட சங்கத்துப் பெரியவர் அதைக் கையில் ஏந்தி இக்போவில் நீளமாக வேண்டினார். அந்த வேண்டுதல் வேறு பாஷையில் செய்யப்படுவதில்லையாம். பிறகு உடைத்து எல்லா ஆண்களுக்கும் கொடுத்தார், அப்பாவுக்கும். அப்பா கடித்தார், முகம் சுருங்கியது. துப்பப் பயந்து, பாக்கைப் போலக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே பாதி நாள் படம் எடுத்தார்.

“என்ன அப்பா, கைக்குதோ?” என்று கேட்டேன்.

“மருந்து பிள்ளை, மருந்து,” என்றார் வாய் திறக்காமல்.

ஞாயிறு காலை முகமூடியின் முறை. எனக்கும் தோழிக்கும் ஆப்பிள் மரத்துக்கு அப்பால், பெண்களோடுதான் இடம். ஆனால் அதற்கு முன்பு அப்பா விளக்கு வைக்க வேண்டுமென்று மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்.

“ஆடுற ஆள் என்ன உயரமெண்டு கேள்.”

கேட்டேன். மேல்வீட்டு மாமா என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். “ஆள் யாரும் இல்லை,” என்றார். “அது வரும்.”

சொன்னேன்.

“அப்ப உள்ளுக்கு ஆர் நிக்கிறது?”

“உள்ளே யாரும் இல்லை.”

“பிள்ளை, நீ சரியாத்தான் சொல்லுறியோ?”

“ஓம் அப்பா. அப்பிடித்தான் சொல்லுறார்.”

“பகிடி விடுறார் போல,” என்று அப்பா சிரித்துத் தலையாட்டினார். மேல்வீட்டு மாமா சிரிக்கவில்லை. “கொட்டில் கதவு மூடியிருக்கும்போது கமெரா நிலத்தைப் பார்க்கட்டும்,” என்று மட்டும் சேர்த்துச் சொன்னார். அதை அப்பா உடனே புரிந்துகொண்டார். பொம்பிளை உடுத்துகிற அறைக்குள் எந்த வீடியோக்காரனும் போகமாட்டான். “அது எனக்குத் தெரியும்தானே,” என்றார்.

கதவு திறந்து அது வந்தது. நான் மரத்துக்குப் பின்னாலிருந்து பார்த்தது கொஞ்சம்தான்: நார் நாராகத் தொங்கும் உடல், வெள்ளை பூசிய நீண்ட முகம், காலில் சலங்கை போல் ஏதோ. இரும்பு மணியை ஒருவர் தட்டினார். குழல் கூப்பிடுவது போல ஊதியது. அது நிலத்தை உதைத்தபோது ஈர மண் தெறித்தது. தோழி என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவளுடைய தாய், தேவாலயத்தில் பாடுகிற அந்த அமைதியான பெண், வாயைக் கையால் பொத்தி அழுதுகொண்டிருந்தார். படம் என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். மேல்வீட்டு மாமா அதன் முன் குனிந்து தகப்பனின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பேசினார். அப்பா நகராமல் நின்று எடுத்தார். அவர் எடுத்ததில் நல்ல காட்சி அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

பிறகு நடந்தது யாருடைய கண்ணிலும் படவில்லை. எல்லோரும் கிழங்குச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். அப்பா தன் வழக்கப்படி மூலை முடுக்கெல்லாம் எடுத்துக்கொண்டு கொட்டிலின் பின்பக்கம் போனார். அங்கே ஒரு படியில், முகமூடியை மடியில் வைத்துக்கொண்டு, வேர்த்து ஒழுக ஒரு இளைஞன் இருந்தான். அப்பாவுக்கு அவனைத் தெரியும். அதே உணவகத்தில் பாத்திரம் கழுவியவன். சோறு மிஞ்சினால் இருவரும் பங்கு போடுவார்கள். அவன் கமெராவைக் கண்டதும் கையால் முகத்தை மறைத்தான். அப்பா காத்திருந்தார். அம்மா கொடுத்துவிட்ட பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றி நீட்டினார். வாங்குவதற்குக் கை இறங்கியது. அவன் சிரித்தான்.

வெட்டி ஒட்டும் வேலை மூன்று வாரம் போனது. அந்த அறையில் டெக் சூடாகி வரும் மணமும், அம்மாவின் விரதச் சாம்பிராணியும் கலந்திருந்தன. மேல்வீட்டு மாமா வேலை முடிந்து வந்து பக்கத்தில் இருப்பார். அவர் வேண்டாமென்றதால் இதய வடிவத்தில் விரிகிற மாற்றங்களையும் ரோஜாப்பூ ஓரங்களையும் அப்பா மனமில்லாமல் விட்டுவிட்டார். கடைசிக் காட்சி முடிந்து ‘முற்றும்’ என்று ஆங்கிலத்தில் எழுத்து வந்தபோது மாமா எழுந்து அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்தார். அன்றோடு அவர் பார்ப்பது நின்றது.

மறுநாள் பின்னேரம் அப்பா முழுவதையும் எங்களுக்குப் போட்டுக் காட்டினார்.

அம்மா கேட்டார்: “அந்த ஆடின பெடியன் எங்கை?”

“அதுதானே ஆடுது.”

“அது முகமூடியெல்லோ. அவன்ர முகம் ஒரு இடத்திலையும் வரேல்லையே. அந்தக் குளிருக்கை எல்லாரையும் விட அவன்தான் பாடுபட்டவன். ஊரிலை தாய் பாத்தா எங்கை என்ர பிள்ளையெண்டு தேடாளோ?”

அப்பா கசெட்டை நிறுத்தினார். “ஓமப்பா,” என்றார். “கலியாணவீடெண்டா என்னை அடிச்சிருப்பாங்கள்.”

எழுத்து முடிந்த பிறகு அவனைச் சேர்த்தார். கொட்டில் படி, மடியில் முகமூடி, கையில் எங்கள் பிளாஸ்கின் மூடி, வேர்வையும் சிரிப்பும். மாமா வேண்டாமென்ற ரோஜாப்பூ ஓரத்தையும் இதற்கு மட்டும் போட்டார். ஒரு பரிசு போல. மேல்வீட்டு மாமாவுக்குச் சொல்லவில்லை. பார்க்கும்போது சந்தோஷப்படட்டும் என்று.

நத்தாருக்கு நாலு ஞாயிறு முந்தி வரும் முதலாம் அட்வென்ட் ஞாயிறுக்கு முந்தின நாள் தேவாலய மண்டபத்தில் படம் போட்டார்கள். மேசைமேல் மேசை வைத்து அதன்மேல் ரீவி. இக்போக் குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. எங்கள் மூவருக்கும் முன்வரிசையில் கதிரை. அம்மா பொரித்த ரோல்ஸ் ஒரு பெரிய சட்டி நிறைய. அப்பா கலியாணவீட்டுக் கோட்டு போட்டிருந்தார்.

சனம் சிரித்தது, தங்களைக் கண்டு கத்தியது, பாட்டு வந்தபோது பெண்கள் சேர்ந்து பாடினார்கள். முகமூடி வந்தபோது சின்னப் பிள்ளைகள் தாய்மாருக்குள் ஒளிந்தார்கள். மேல்வீட்டு மாமா சுவரோடு நின்று படத்தைப் பார்க்காமல் சங்கத்துப் பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். எழுத்து வந்தது. கைதட்டல் தொடங்கியது.

அப்போது ரோஜாப்பூக்கள் விரிந்தன.

கைதட்டல் நின்ற சத்தத்தை நான் கேட்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா? பெண்கள் முகத்தைத் திருப்பினார்கள். ஒரு தாய் தன் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். ஆண்கள் எழுந்தார்கள். யாரோ ரீவியின் வயரைப் பிடுங்கினார்கள். அதற்குள் போதுமான நேரம் அந்தச் சிரிப்பு அங்கே நின்றுவிட்டது. தோழியின் தாய் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனார். பின்வரிசையில் இருந்த அந்த இளைஞன் குனிந்தபடி கதவால் போனான். அடுத்த நாளிலிருந்து அவன் உணவகத்துக்கும் வரவில்லை. அப்பா மட்டும் இன்னும் கைதட்டிக்கொண்டு, அவனைத் தேடிப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

மேல்வீட்டு மாமா சுவரிலிருந்து அசையவில்லை. பெரியவர் சிவப்புத் தொப்பியைக் கழற்றினார், மாமாவிடம் போய் ஏதோ சின்னதாகச் சொன்னார், மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். எங்களை யாரும் ஏசவில்லை. ஒருவர் வந்து அம்மாவின் சட்டியை மூடி மரியாதையாகக் கையில் கொடுத்தார். ஒருவரும் தொடாத ரோல்ஸ்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அப்பாவும் அம்மாவும் காரணம் தேடினார்கள்.

“உடுப்போட இருந்து தேத்தண்ணி குடிச்சது மரியாதையில்லாமல் போச்சோ?”

“எங்கட பிளாஸ்க் தெரிஞ்சதாலையோ?”

“பூ போட வேண்டாமெண்டவர். நான் போட்டிட்டன். அதுதான்.”

கிழமை நடுவில் அப்பா அந்தக் காட்சியை நீக்கிப் புதிய கசெட்டில் பிரதி எடுத்து, பளபளப்புத் தாளில் சுற்றி மேலே கொண்டுபோனார். மேல்வீட்டு மாமா இரண்டு கையாலும் வாங்கி நன்றி சொன்னாராம். அப்பா இறங்கி வந்து, “சரி, திருத்திக் குடுத்திட்டன். மனுசன் கோபமில்லை,” என்று சாப்பிட உட்கார்ந்தார்.

திருத்தக்கூடியது எதுவும் மிச்சமில்லை என்பதைப் படிக்கட்டில் தோழிதான் எனக்குச் சொன்னாள். பெரியவர் கசெட்டைக் கொண்டுபோகமாட்டார். வெட்டினாலும் கண்டவர்கள் கண்டதுதான். தொலைபேசியில் ஊருக்கும் செய்தி போய்விட்டது. தாத்தாவின் பெயரில் வந்ததைப் பெண்கள் பிள்ளைகள் முன்னால் அவமானப்படுத்தியாயிற்று. இனி மூத்த மகன் நேரில் போய், ஆடு கொடுத்து, பிழை பொறுக்கக் கேட்டு, பிறகுதான் இரண்டாம் அடக்கம். தம்பி செய்ய முடியாது.

“அப்படியென்றால் உன் அப்பா என்ன செய்வார்?”

“அம்மா அழுகிறார்,” என்றாள். “அவர் பெட்டி எடுத்துவைக்கவில்லை. ஆனால் பெட்டியைக் கழுவினார்.”

தைப்பொங்கல் கழிந்த கிழமை அவர் போனார். முதல் நாள் எங்கள் கதவைத் தட்டி, எங்கள் கூட்டிலிருந்து கடன் வாங்கியிருந்த ஒரு வாளிக் கரியைத் திருப்பி வைத்தார். அப்பா உள்ளே வரச் சொன்னார். அவசரமென்று நின்றபடியே அப்பாவின் கையைக் குலுக்கினார். அடுத்த நாள் பள்ளிக்குப் போகும் வழியில் தோழி சொன்னாள்: “அப்பா போய்விட்டார்.”

“எப்போது வருவார்?”

அவள் பள்ளி வாசலைப் பார்த்து வேகமாக நடந்தாள். அவர் எழுதிய கதையிலும் மகன் ஊருக்குப் போவதோடு எல்லாம் முடிந்துவிடும். அவன் திரும்பி வருவதைப் பற்றி அவர் ஒரு காட்சியும் எழுதியிருக்கவில்லை.

சடங்கு நடந்தது என்று ஒரு தொலைபேசிச் செய்தி வந்தது, முறைப்படி, குறையில்லாமல். அவருடைய விண்ணப்பம் மூடப்பட்டது. வசந்தத்தில் தோழியையும் தாயையும் வேறு நகரத்து முகாமுக்கு மாற்றினார்கள். பிறகு தகப்பனோடு ஒரே கூரையின் கீழ் அவள் இருக்கவேயில்லை என்று பல வருடங்கள் கழித்து, ஆஹென் நகர ரயில் நிலையத்தில் தற்செயலாகச் சந்தித்தபோது சொன்னாள். என் அப்பாவைப் பற்றி விசாரித்தாள். நலம் என்றேன். “நீ அதிர்ஷ்டக்காரி,” என்றாள், கோபமில்லாமல்.

பல்கலைக்கழக நூலகத்தில் முகமூடிகளைப் பற்றிய ஒரு தடித்த நூலை வாசித்தபோதுதான் மிச்சம் விளங்கியது. முகமூடிக்குள் மனிதன் இல்லை. மண்ணுக்குள்ளிருந்து வரும் முன்னோர் அது. உள்ளே ஆள் இருக்கிறான் என்று வாய்விட்டுச் சொல்வதே பிழை. ஆகவே என்ன செய்யக்கூடாது என்பதை மேல்வீட்டு மாமா அப்பாவுக்குச் சொல்லியிருக்க வழியே இல்லை. சொன்னால் அந்தப் பிழையை அவரே செய்தவராவார். தன்னால் சொல்லக்கூடிய எல்லை வரை அவர் சொல்லியிருந்தார்.

அப்பாவிடம் இதை நான் நெடுங்காலம் சொல்லவில்லை. போன இலையுதிர் காலத்தில் அவர் ஆஸ்பத்திரியால் வந்து தெளிந்திருந்த ஒரு நாள், சொல்ல வேண்டும் போலிருந்தது. சாய்கதிரையில் இருந்து முழுவதையும் கேட்டார். முடிந்த பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போடவில்லை.

“அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் இல்லாமல் போனது என்னாலையோ?”

“அப்பிடிச் சொல்லேலாது அப்பா.”

“சொல்லலாம்,” என்றார். பிறகு, இதுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொன்னார். “எங்கட அப்பாவின்ர செத்தவீட்டுக் கசெட் கொழும்பிலை இருந்து வந்ததெல்லோ. நான் தனிய இருந்துதான் பாத்தனான். எல்லாரும் நிண்டு அழுகினம். நான் மட்டும் இல்லை. கடைசியிலை, எல்லாம் முடிஞ்ச பிறகு, அந்த வீடியோக்காரன் என்ர படம் ஒண்டை வைச்சிருந்தான். நான் அனுப்பின பழைய படம். சுத்திவரப் பூ. ஆர் சொன்னதோ தெரியாது. அதைக் கண்ட பிறகுதான் பிள்ளை எனக்கு நித்திரை வந்தது.”

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்:

“அந்தப் பெடியனுக்கும் அப்பிடித்தான் இருக்கும் எண்டு நினைச்சன்.”